நீலக்கல்லோடு ஏறியவர்

12-6-1944, திங்கள். விடியலில் குளியல், பிறகு இரண்டு இட்லி. செஞ்சியில் திண்டிவனம் போகும், பெட்ரோல் பஞ்சத்தால் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்றைப் போலவே இன்றும் அது கிளம்ப மறுக்கிறது.

பக்கத்தில் சிங்கவரத்து விவசாயி. இன்று கோர்ட்டில் அவருடைய நில வழக்கு. ஜெயிப்பதற்காக ஒரு நீலக்கல்லை, வாங்குமுன் ராசி பார்க்க, புஜத்தில் கட்டியிருக்கிறார். ராஜாவின் கிரீடத்துக் கல் என்று சந்தையில் சொன்னார்களாம். அந்த ராஜாவின் கோட்டை மலைமேல் இடிந்து கிடப்பதை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கண்டக்டர் முடிச்சைப் பார்த்துவிடுகிறார்.

"நீலத்தக் கட்டிக்கினா வந்த? சேராதவங்களுக்கு அது கெடுதியாச்சே. எறங்குய்யா, வண்டி கெளம்பட்டும்."

"நேத்து நின்னுச்சே, அப்ப இன்னா நானா ஏறியிருந்தேன்? கோர்ட்டுல கூப்புடுவாங்கய்யா."

பஸ்ஸே கண்டக்டர் பக்கம். விவசாயி இறங்கியதும் பஸ் உறுமிக் கிளம்புகிறது. எல்லோரும் கல்லின் சக்தியை மெச்சுகிறார்கள். ஒரு மைலில் மறுபடி நிற்கிறது.

யாரோ ஒருவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தபடி விவசாயி எங்களைக் கடக்கிறார்.

"கண்டக்டரே, இப்ப யார எறக்கப் போற?"

கண்டக்டர் பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்க்கிறார். எல்லாக் கண்களும் என் கெம்புக்கல் மோதிரத்தில் வந்து நிற்கின்றன.

13-6-1944, செவ்வாய். காலையில் முதல் வேலையாக, மோதிரத்தைக் கழற்றிச் சவரப் பெட்டிக்குள் வைத்தேன்.