உப்புக் குறைத்த வத்தல்

அப்பா போட்ட மான் வத்தலில் உப்புக் குறைந்ததற்குக் காரணம் அன்பு. எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் ஒரு பிறஷர்காரராவது இருந்தார். அவர்களும் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று அப்பா உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

வேட்டைக்குப் போகும் வேலைத்தலத்து நண்பர் ஒருவர் மான் தொடை ஒன்றைக் கொடுத்திருந்தார். வன்னியில் பிறந்த அப்பாவுக்கு அதைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. ஊரில் இறைச்சியை மெல்லிய கீலங்களாக வெட்டி, உப்புப் பிரட்டி, வெயிலிலும் அடுப்புப் புகையிலும் கல்லாகும் வரை காயவிடுவார்களாம். இங்கே கனடாவில், ஸ்காபரோவின் நவம்பர் குளிரில், பின்வளவு பார்பிகியூவில், அப்பா ஒரு பின்னேரம் மட்டும் புகை போட்டார். வெட்டியதும் தடித்த துண்டுகள். வெளியே கறுத்து, உள்ளே மெத்தென்று இருந்தன. ஆறுவதற்குள் பொலித்தீன் பைகளில் கட்டி, கார் டிக்கியில் வைத்து, மார்க்கம், மிசிசாகா என்று பங்கு கொடுக்கப் போனார். நல்ல துண்டுகளை ரெக்ஸ்டேலில் இருந்த மாமிக்கு ஒதுக்கினார். மாமி அப்பாவின் ஒரே தங்கை. இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை அப்போது அவர் வயிற்றில் இருந்தது.

அம்மா கந்தசஷ்டி விரதம். குசினிக்குள் இறைச்சி வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா கராஜுக்குள் நின்று வத்தலைச் சமைக்காமலே கடித்துத் தின்றார். மறுநாள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என்னை விட்டுவைக்க ஆளில்லாததால் நானும் போனேன்.

பெண் டொக்டர் ஒருவர் எல்லாவற்றையும் விசாரித்தார். அப்பாவுக்குச் சுகமாகிவிடும் என்றார். பிறகு, கர்ப்பிணி யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டார். அரைகுறையாகப் பதப்படுத்திய இறைச்சியில் வளரும் சில கிருமிகள் தாயை அவ்வளவாக வருத்தாமல் பிள்ளையைத் தாக்கக்கூடும். சாப்பிட்டிருந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மற்ற வீட்டுக்காரர்கள் தொலைபேசியை எடுத்தார்கள். மாமி எடுக்கவில்லை. அம்மா 401 நெடுஞ்சாலையில் காரை விரட்டினார். அப்பா கையில் சேலைன் ஏற்றிய பிளாஸ்டரும் மடியில் வாந்திப் பையுமாக இருந்தார். "எடு பிள்ளை, எடு" என்று தொலைபேசியிடம் மன்றாடிக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்த மாமி திகைத்துப்போனார். தொலைபேசி மேலே சார்ஜில் கிடந்ததாம். அப்பா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார்.

"உண்மையைச் சொல்லு. உந்த வத்தலைச் சாப்பிட்டனியோ?"

மாமியின் பார்வை அவர் கையில் இருந்த பிளாஸ்டரில் விழுந்தது. "இல்லை அண்ணை. மணம் பிடிக்கேல்லை. ஃப்ரிட்ஜுக்கை அப்பிடியே கிடக்கு."

அப்பா படிக்கட்டில் குந்தி அழுதார். பிறகு சோபாவில் சரிந்து தூங்கிப்போனார். பையை எறிவதற்காக அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தார். பையில் பாதி இல்லை.

"நேற்றே சாப்பிட்டிட்டன் அண்ணி," என்றார் மாமி மெதுவாக. "அண்ணைக்குத் தெரியவேண்டாம். அவர் தாங்கமாட்டார்."

"உடுப்பை மாத்தும். ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றார் அம்மா.

அப்பாவை எழுப்பி, கடைக்குப் போய் வருவதாகச் சொன்னார். எனக்கு ஒரு பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன். மாமிக்கு இரத்தம் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள். அதன்பின் அம்மா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் மாமியைக் கூப்பிட்டுக் காய்ச்சல் இருக்கிறதா, பிள்ளை துடிக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்பார். அப்பா பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

பங்குனியில் மச்சான் பிறந்தான். நல்ல சத்தமாக அழுதான். அவனைக் கையில் ஏந்திய அப்பா, தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் பிள்ளை தப்பியது என்று நர்ஸுக்குக்கூடச் சொன்னார். மாமி, "ஓம் அண்ணை" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு இருவரிலும் கோபம் கோபமாக வந்தது. அப்பாவை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அத்தனை மாதப் பயத்தையும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவரை நிம்மதியாகத் தூங்க விட்டிருந்தார்கள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.