கினி பிக் குட்டிக்குப் பாலாடை

என் கணவர் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே முயலும் அல்லாத, எலியும் அல்லாத, வாலே இல்லாத ஒன்று உட்கார்ந்து என்னை முறைத்தது. கூட வேலை செய்தவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகிறாராம். அவருடைய கினி பிக்கை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையாம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அத்தனை ஆம்பிளைகள் வேலை செய்கிறார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத ஒரே ஒருவரைத் தேடிப் பிடித்து எனக்குக் கட்டி வைத்திருந்தார்கள்.

"ஒரு மூலைல சும்மா கெடக்கப் போவுது, இன்னா இப்போ?" என்றார்.

சும்மா கிடக்கவில்லை. புல்லும் கொத்தமல்லியும் தின்று ஊதிக்கொண்டே போனது. என் கவனிப்பில்தான் அப்படிக் கொழுக்கிறது என்று நான் வேறு பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் என்னைப் பார்த்துப் பெருமைப்பட வேறு ஆள் இல்லை.

காரணம் என் கைராசி. பெரியபாளையம் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமியாரின் கண்டுபிடிப்பு அது. நான் வைத்த கறிவேப்பிலைச் செடி காய்ந்துவிட்டது. இரும்பு மில் தூசியில் மாடியில் காயப்போட்ட வேட்டியே கறுத்துப்போகிற ஊரில் கறிவேப்பிலை மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கவேண்டுமாம். "அவ கை வெச்சா எதுவும் நிக்காது" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னார். செடியை மட்டும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. தெருவே அந்த வார்த்தையைப் பிரசாதம் மாதிரி பயபக்தியோடு வாங்கிக்கொண்டது.

ஒருநாள் விடிந்து பார்த்தால் கூண்டில் மூன்று குட்டிகள். முடி, பல், திறந்த கண் என்று சகல சீரோடும் பிறந்திருந்தன. தாய் மட்டும் மதியத்துக்குள் செத்துப்போனது. "எலி செத்துச்சின்னு சொன்னா லீவு தருவானா? பேஜாரு பண்ணாத" என்று சொல்லிவிட்டு என் கணவர் டிபன் பாக்ஸோடு பஸ் பிடிக்கப் போனார். மகராசன்.

இந்தக் குட்டிகளும் செத்தால் அந்தப் பட்டத்தை எனக்கு மேளதாளத்தோடு சூட்டிவிடுவார்கள். ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே தேடிப் படித்துச் சொன்னாள். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து துளித்துளியாகத் தரவேண்டும். குட்டியை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் தரவேண்டும், மல்லாத்தவே கூடாது. குடித்ததும் ஈரப் பஞ்சால் அடியில் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுகளுக்கு மூத்திரம் போகத் தெரியாது.

இங்க் ஃபில்லர் ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் உட்காரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன், துடைத்தேன், மறுபடி புகட்டினேன். பெற்றவள்கூட இத்தனை பதவிசாகத் துடைத்திருக்க மாட்டாள். மூன்றும் தேறிக் கொத்தமல்லியைக் கொறிக்க ஆரம்பித்தன. இருப்பதிலேயே சின்னது ஃபில்லரைப் பல்லால் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அதன்மேல் நான் உயிரையே வைத்திருந்தேன்.

மாமியார் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "கொழந்தைய உக்கார வெச்சு எவளாவது பால் குடுப்பாளா? அஞ்சு பெத்து வளத்தவ நான் இங்க குந்திக்கினு கீறேன், இவுளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குதாம்!"

ஒரு நாள் குழாயடிக்குப் போய்விட்டுக் குடத்தோடு பின்வாசல் வழியாக வந்தேன். மாமியார் சிமெண்ட் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டப் போடுவார்களே, அதேபோல இரண்டு காலுக்கும் நடுவில் சின்னக் குட்டி மல்லாந்து கிடந்தது. அவர் கையில் பாலாடை. பிள்ளைகளுக்குப் பால் புகட்டுகிற அந்த மூக்குக் கிண்ணத்தை ஊரிலிருந்து எந்தப் பிள்ளைக்காகக் கொண்டு வந்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. குட்டியின் மூக்கு வழியாகப் பால் வந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அத்தை!" குடத்தைக் கீழே போட்டேன்.

"ஒண்ணுமில்ல, பொறையேறிச்சு." குழந்தைக்கு ஊதுவதுபோல அதன் மூக்கில் வாயை வைத்து ஊதினார். தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். மறுபடி ஊதினார். எலி என்று கிட்டவே வராத மனுஷி. கடைசியில் அதை என் கையில் கொடுத்து, "தூங்குது பாரு" என்றார். அதன் கண் திறந்தே இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அஞ்சு பெத்த கையின் லட்சணம் இதுதானா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மதில்மேல் பக்கத்து வீட்டு அம்மாவின் தலை முளைத்துவிட்டது. குடம் விழுந்த சத்தத்துக்கு வராமலிருக்க அவர் என்ன செவிடா? என் கையில் கிடந்ததைப் பார்த்தார்.

"பூட்ச்சா? அவ கைதான் தெரியுமே யக்கா. இன்னா பண்றது."

பார்த்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும். மாமியார் பேசாமல் இருந்தாலே போதும், பழி தானாக என் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

"வாய மூடு" என்றார் மாமியார். நீட்டிய காலை அவர் இன்னும் மடக்கவில்லை. "அவ பொழைக்க வெச்சா. நான்தான் கொன்னுட்டேன்."

மதில்மேல் இருந்த தலை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை வெறுங்கையோடு வந்தபோதும் மாமியார் முன்னால் அழாத நான், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் பாலாடையை எனக்குத் தெரியாத பக்கம் தள்ளி வைத்தார்.

"அழுவாத. உள்ள அந்த ரெண்டும் பசில கத்துது, போ. நீயே குடு."