கவுதே போட்ட நீல அம்பு

என் கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தச் செக் நாட்டுக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெந்த நண்டு மாதிரி இருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. "இதுதான் உங்க ஊர்ல சுலபமான வழியா?" என்று கேட்டார். வாடகைக்கு சைக்கிள் விடுகிறவள் நான், என்ன பதில் சொல்வது? படகுத்துறையிலிருந்து மலைமேல் இருக்கும் கோரிட்சா கிராமம் வரை கல்லுக்குக் கல் நீல அம்புக்குறி போட்டிருக்கிறது. நீலம் என்றால் சுலபம், சிவப்பு என்றால் கொஞ்சம் சிரமம். அதற்கு மேல் கஷ்டமான வழி எங்கள் தீவில் கிடையாது. விபத்து நடந்தால் பேர் கெட்டுப்போகும் என்று சுற்றுலா அலுவலகம் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளவே இல்லை.

அன்று மாலையே இன்னொரு குடும்பம் வந்தது. கைக்குழந்தையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடலோரமாகப் போகும் சிவப்பு வழியில் போய்வந்தவர்கள். குழந்தை வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்ததாம். எனக்குத் தலை சுற்றியது.

இரண்டு வழிக்கும் அம்புக்குறி போட்டவர் ஒரே ஆள். பெயர் கவுதென்சியோ. கூப்பிட்டு முடிப்பதற்குள் படகு போய்விடும் என்பதால் கவுதே. நாங்கள் பார்பா கவுதே என்போம். குரோயேஷியாவின் இந்தப் பக்கத்துத் தீவுகளில் மூத்த ஆண்கள் எல்லாருமே பார்பாதான். கோரிட்சாவில் பிறந்தார், கரைக்கும் தீவுக்கும் வண்டிகளை ஏற்றிப் போய்வருகிற படகில் கயிறு வீசுகிற வேலையில் காலம் தள்ளினார், ஓய்வு வந்ததும் மறுபடி கோரிட்சாவுக்கே ஏறிப்போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தார் என்று நினைக்காதீர்கள். எந்த முடிவும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

காபிக்குப் பால் வேண்டுமா என்று கேட்டால்கூடக் கடலைப் பார்ப்பார். படகில் இருந்தவரை கேப்டன் சத்தம் போடுவார், இவர் கயிற்றை வீசுவார், பிரச்சினை இல்லை. கரைக்கு வந்த பிறகு சத்தம் போட ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் கையில் இரண்டு வண்ண டப்பாவைக் கொடுத்து, எது சுலபம் எது சிரமம் என்று நீங்களே பார்த்துப் போடுங்கள் என்று அனுப்பிய அலுவலகத்தாரை என்ன சொல்ல! அந்தப் பாதைகளை அவரைப்போல நடந்தவர்கள் வேறு யாரும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

புகார்கள் குவிந்ததும் அலுவலகத்து டெனிஸ் அவரைக் கூப்பிட்டான். சைக்கிள் என்னுடையது என்பதால் என்னையும் கூப்பிட்டான்.

"பார்பா, அந்த மேட்டுல எப்படி நீலம் போட்டீங்க?"

"அந்தப் பாதை முழுக்க ஓக் காட்டுக்குள்ளயும் கல்சுவர் மறைவுலயும் போகுதுப்பா. போரா அடிச்சாக்கூட தலையில தொப்பி நிக்கும். கடலோரத்துல போரா அடிச்சா ஆளையே தூக்கித் தண்ணியில போட்டுடும். அது எப்படி சுலபமாகும்?"

போரா எங்கள் வாடைக்காற்று. அது அடிக்கிற நாளில் படகே ஓடாது. கோரிட்சாக்காரர்கள் ஒரு வழி நல்லதா கெட்டதா என்று காற்றை வைத்துத்தான் சொல்வார்கள். மேடு அவர்கள் கணக்கிலேயே வராது.

"கோடைக்கு வர்றவனுக்கு ஏது பார்பா போரா? மேட்டைப் பத்திச் சொல்லுங்க."

"மேடுன்னா... ஏறினா ஏறிடலாம்," என்றார் கவுதே.

டெனிஸ் தலையைப் பிடித்துக்கொண்டான். சனிக்கிழமைக்குள் மலைவழி முழுவதும் நீலத்தை மறைத்து சிவப்பு பூசிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"ஏம்மா நீவெஸ், ஃபூமிட்சா ஞாயித்துக்கிழமை மேல வர்றேன்னு சொல்லியிருக்கா."

ரொட்டிக்கடை ஃபூமிட்சா. புருஷன் போய்ச்சேர்ந்து வெகுகாலமாகிறது, ஒரு முட்டியில் ஆபரேஷன் ஆனவள், வாய் மட்டும் எந்த ஆபரேஷனும் இல்லாமல் நன்றாக வேலை செய்யும். கவுதே அவளிடம்தான் ரொட்டி வாங்குவார். ஒண்டி ஆளுக்கு எதற்கு இரண்டு ரொட்டி என்று ஊரே கேட்டுவிட்டது. துறையில் பிறந்து வளர்ந்தும் அவள் கோரிட்சாவைப் பார்த்ததில்லை. எங்கள் துறைக்காரர்கள் மலையேற மாட்டோம். வீட்டைப் பார்க்க வா, ஆட்டுப் பாலாடைக்கட்டி இருக்கிறது, தேன் இருக்கிறது என்று இவர் பல வருஷமாக முணுமுணுத்து, கடைசியில் அவள் ஒரு சைக்கிளும் வாங்கிவிட்டாள். ஆனால் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "நீலம்னா வர்றேன். சிவப்புன்னா என் முட்டி தாங்காது, என்னைக் கூப்பிடாதே."

"இப்ப சிவப்பு பூசினா வரமாட்டா," என்றார் கவுதே.

"அப்ப பூசாதீங்க."

"பூசலைன்னா யாராவது மேட்டுல நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுந்துடுவாங்களே?"

"அப்ப பூசுங்க!"

"பூசினா அவ வரமாட்டாளே?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பார்பா, ஒண்ணு கேட்கிறேன். நீங்க நீலம் போட்டது காத்துக்காகவா, அவளுக்காகவா?"

கடலைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பாவம், அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

சனிக்கிழமை போனது, அம்புக்குறிகள் எல்லாம் நீலமாகவே இருந்தன. ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்ததும் ஃபூமிட்சா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, டயருக்குக் காற்று அடிக்கச் சொன்னாள். உதட்டுச் சாயம் பூசியிருந்தாள்.

நான் மறைக்கவில்லை. "அந்த வழி ரொம்பக் கஷ்டம்னு வர்றவங்கல்லாம் சொல்றாங்க. டெனிஸ் சிவப்பு பூசச் சொல்லிட்டான். முட்டியைப் பார்த்துக்கோ" என்றேன்.

"இன்னும் நீலமாத்தானே இருக்கு? அந்த மனுஷனுக்குப் பேசத் தெரியாது, சரி. பொய் சொல்லவும் தெரியாதுடி," என்றாள். ஏறி உட்கார்ந்து போயே விட்டாள். மேட்டில் அவள் நொந்துபோனால் இனி ஒரு ரொட்டிகூட அவருக்கு விற்கமாட்டாள் என்று தெரியும்.

நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். கதைகள் முழுக்கப் பொருந்தவில்லை. பொருந்திய மட்டும் சொல்கிறேன்.

விடியும்போதே கவுதேவுக்கு மனம் கேட்கவில்லை. அவள் முட்டியை நினைத்ததும் பயம் வந்துவிட்டது. சிவப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் தொடங்கி, ஒவ்வொரு நீல அம்பாக மறைத்துக்கொண்டே இறங்கினார். கீழ்வரை பூசிவிட்டால் அவள் துறையிலேயே சிவப்பைப் பார்த்துத் திரும்பிவிடுவாள் என்று கணக்கு. ஆனால் பாதி மலையில், சுவர் திரும்புகிற இடத்தில், எதிரே ஃபூமிட்சா. சைக்கிள் முள்புதரில் கிடந்தது. அவள் கல்மேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதட்டுச் சாயம் தாடைவரை வந்திருந்தது.

இவர் தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்ததாக அவள் சொல்கிறாள். ஒளிக்கவில்லை, சட்டையில் பட்டுவிட்டது என்று அவர் சொல்கிறார்.

"இங்க வரைக்கும் நீலம். மேலே சிவப்பு. என்ன கூத்து இது?" என்றாளாம்.

"எல்லாமே சிவப்புதான். கீழே இன்னும் பூசலை. நீ திரும்பிப் போயிடலாம்னு..."

"அப்ப ஏன் முதல்ல நீலம் போட்டே?"

"காத்து... போரா அடிச்சா அங்க..."

"கவுதே, என்னைப் பார். வழி சுலபம்னு போட்டியா, நான் வரணும்னு போட்டியா?"

ஆமாம் என்றிருக்கலாம், இல்லை என்றிருக்கலாம். ஊரில் வேறு எந்த ஆணும் அந்த இடத்தில் ஏதாவது தேனாகப் பேசியிருப்பான். இந்த மனுஷன் கண்ணில் நீர் முட்ட, "தெரியல ஃபூமிட்சா. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். நிஜமாவே தெரியல," என்றிருக்கிறார்.

அவள் எழுந்து மேலே நடந்தாளாம். இவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். வீட்டைப் பார்த்தாள், பாலாடைக்கட்டியைத் தேனில் தொட்டுச் சாப்பிட்டாள், நாற்காலி ஆடுகிறது என்று திட்டினாள். பிறகு சைக்கிளில் ஏறி ஒரே இறக்கமாக இறங்கிவிட்டாள். அவள் கோபித்துக்கொண்டு போனாளா இல்லையா என்றுகூட கவுதேவுக்குப் புரியவில்லை.

மாலையில் என் கடைக்கு வந்தாள். இறக்கம் முழுக்க அழுத்தியதில் பிரேக் கட்டை தேய்ந்து கம்பி தெரிந்தது.

"இதை மாத்திடு. மேடு ஏற லேசா இருக்கிற மாதிரி பின்னால இன்னொரு கியர் போட முடியுமா?" என்றாள்.

"எதுக்கு? மறுபடியும் போறியா என்ன? முட்டி என்ன ஆகும்?"

"வேற வழி? அந்த ஆளுக்கு இன்னும் தெரியலையாமே. தெரியற வரைக்கும் வாராவாரம் போய்க் கேட்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே ரொட்டிக்கடையைப் பார்த்து நடந்தாள்.