புறங்கையால் தொட்டவர்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் பழைய பேஸ் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் விலைக்கு இருந்தன. நான் போனபோது அதே ஜோடியைப் பார்க்க இன்னொருவரும் வந்திருந்தார். நரைத்த மீசை, சிரிப்பே இல்லாத முகம். அவர் முந்திக்கொள்வாரோ என்ற பதற்றத்தில், சுவிட்சைப் போட்டுவிட்டு கிட்டார் கம்பியில் விரல் வைக்கப் போனேன்.

"கைய எடும் வே."

என்னைத் தள்ளிவிட்டு, புறங்கையால் கம்பியை லேசாக உரசினார். கை வெடுக்கென்று பின்னால் போனது. ஷாக்.

"எர்த் வயர் எங்க வே?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

"ஒரே இரைச்சல் அண்ணாச்சி. அதான் கழட்டிட்டேன். இப்ப சத்தம் சுத்தமா இருக்குலா?"

அவர் பிளக்கைப் பிடுங்கி, பிரித்து, எர்த் வயரை மாட்டினார். மறுபடி சுவிட்சைப் போட்டதும் ஆம்ப்ளிஃபயர் இரைந்தது. புறங்கையால் கம்பியைத் தொட்டார். இம்முறை கை அசையவில்லை.

"இந்த இரைச்சலோட இனி யாரு வாங்குவா?" வீட்டுக்காரர் முகம் சிவந்தது.

"இரைச்சல் இருந்தா ஆளு இருப்பான்லா," என்றார்.

வாங்காமலே படியிறங்கிப் போய்விட்டார். இரைச்சலோடு நான்தான் வாங்கினேன். ஷாக் அடித்தால் விரல்கள் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இன்றும் முதலில் புறங்கையால்தான் தொடுகிறேன். அவர் கண்முன் எந்த மேடையில் யார் ஷாக் அடித்து விழுந்தார்களோ, தெரியவில்லை.