கயிற்றில் இருந்து எடுத்த கை

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்படியிருந்தும், பிள்ளைகளுக்குச் சமூகசேவை படிப்பித்த கூட்டத்தில் நாலு மாதம் இருந்தேன். கட்டாரில் கட்டட வேலை முதுகைக் கெடுத்து அனுப்பிவிட, திருகோணமலைக்குத் திரும்பி வந்து வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். டவுணில் ஒரு ஆசிரியை சனிக்கிழமைகளில் பன்னிரண்டு உயர்தர வகுப்பு மாணவர்களைச் சேர்த்து, கொடுப்பது என்றால் என்ன என்று சொல்லிக்கொடுப்பார். அவர்களை ஏற்றி இறக்குவது என் வேலை. பஸ் தரிப்பிடத்துக்குப் பெயின்ற் அடித்தோம், கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினோம், உலர் உணவுப் பொதி கொடுத்தோம். பொதி வாங்குகிறவர்கள் கமராவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்ப்பதை ஆசிரியையும் கவனித்திருக்க வேண்டும். இனிப் பொருள் வேண்டாம், உழைப்பைக் கொடுப்போம் என்று ஒருநாள் சொன்னார். நான் முன்பு நிலாவெளியில் கரைவலை இழுத்தவன் என்று அவருக்குத் தெரியும். ஒழுங்கு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கரைவலைக்கு ஆள் எப்போதும் தட்டுப்பாடு. படகு போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவரும். இரண்டு நுனிக் கயிறுகளையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்க வேண்டும். சம்பளத்துக்கு இழுப்பவர்கள் போக, வழியால் வந்த எவரும் கயிற்றைப் பிடிக்கலாம். பிடித்தவருக்கு வலை ஏறியதும் கறிக்கு மீன் உண்டு. எவ்வளவு இழுத்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. கை கயிற்றில் இருந்தால் சரி. கையில் ஒன்றுமில்லாமல் காய்ச்சலோடு கிடந்த ஒரு மாதம் நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். இழுக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி பின்னுக்கு நடந்தேன், அவ்வளவுதான்.

இதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும். வானில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கு முதுகு வலி. சொல்லவில்லை.

அன்று கயிற்றின் கடைசியில் ஒரு பெண் நின்றார். எனக்கு முன்பே தெரிந்தவர், ஐம்பது வயதிருக்கும். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. வலது கையால் கயிற்றைப் பிடித்திருந்தார். அந்தக் கையால் வலை ஒரு அங்குலமும் நகராது என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். காலையில் இங்கே கிடைக்கிற மீன்தான் அவர்களுக்கு அன்றைய கறி.

எங்கள் பிள்ளைகள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். எதற்கும் முன்னுக்கு நிற்கிற ஒரு மாணவி, அந்தப் பெண் மூச்சு வாங்குவதைக் கண்டாள். அவருடைய கையை மெதுவாகக் கயிற்றிலிருந்து எடுத்துவிட்டாள்.

“அன்ரி, நீங்கள் போய் நிழலில இருங்கோ. உங்களுக்கும் சேர்த்து நாங்கள் இழுக்கிறம்.”

ஆசிரியை படம் எடுத்தார். பிள்ளை மனதோடுதான் செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண் ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு படகு நிழலில் போய் இருந்தார். முதுகு வலியோடு மணலில் இருந்த நான் எழும்பவில்லை. சம்மாட்டி எப்படியும் கொடுப்பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வலையின் சொந்தக்காரரைத்தான் சம்மாட்டி என்போம். நல்ல மனிதர். ஆனால் சும்மா இருந்தவருக்கும் கொடுத்தால் நாளைக்குக் கரை முழுக்க ஆட்கள் சும்மா இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அன்று வலை நிறையக் கீரி மீனும் சூடை மீனும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பை நிறையப் போட்டுக் கொடுத்தார். நிழல் பக்கம் அவர் திரும்பவில்லை. அந்தப் பெண் எழும்பி, மணலைத் தட்டி, வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மாணவி ஓடிப்போய்த் தன் பையை நீட்டினாள்.

“வேண்டாம் பிள்ளை. நான் இழுக்கேல்ல.”

அவள் முகம் சிவந்துபோய் என்னிடம் வந்தாள். ஏன் வாங்கவில்லை என்று கேட்டாள். பிடித்தவர்களுக்குத்தான் மீன், நீ கையை எடுத்துவிட்டாய் என்று சொன்னேன்.

“தெரிஞ்சுகொண்டு ஏன் அங்கிள் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்?”

முதுகு வலி என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாவது வலைக்குப் படகு ஏற்கெனவே போயிருந்தது. அவள் திரும்பிப் போய், ரோட்டுக்கு ஏறப்போன அந்தப் பெண்ணை மறித்தாள். நானும் மெதுவாகப் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. உரிந்து சிவந்த இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“அன்ரி, எங்களுக்கு இனி ஏலாது. அடுத்த வலைக்கு ஆள் காணாது.”

அந்தப் பெண் குனிந்து கைகளைப் பார்த்தார். “டவுண் கை,” என்றார். “பேனை பிடிச்ச கையால கயிறு பிடிச்சா வேற என்ன நடக்கும்?” சிரித்தபடி திரும்பி வந்து கயிற்றின் கடைசியைப் பிடித்தார்.

ஆசிரியைக்குச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. போகலாம் என்று இரண்டுதரம் சொன்னார். பிள்ளைகள் போகவில்லை. வெயிலில் மணலில் குந்தியிருந்து, தாங்கள் இல்லாமல் வலை வருவதைப் பார்த்தார்கள். அதுதான் அன்று அவர்கள் செய்த கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன். இரண்டொருவர் கயிற்றைப் பிடிக்க எழும்பப் பார்க்க, மாணவி சட்டையைப் பிடித்து இருத்தினாள்.

வலை ஏறியபோது உள்ளே பாதி சொறிமுட்டை, அதாவது ஜெல்லிமீன். அந்த வழுவழுப்பை வழித்து எறிந்துவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் காரல் மீன் கிடந்தது. முதல் வலை மாதிரி இரண்டாவது வருவது அபூர்வம், அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். சம்மாட்டி எல்லோருக்கும் பிரித்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு கைப்பிடி, மற்றவர்களுக்கும் அதே கைப்பிடி. மாணவி தன் காலடியில் கிடந்த நிறைந்த பையைப் பார்த்தாள், அந்தக் கைப்பிடி மீனைப் பார்த்தாள். பையைத் தூக்க அவளுக்குக் கை வரவில்லை.

“அன்ரி, இது கறிக்குக் காணுமே?” என்று மட்டும் கேட்டாள்.

“சொதிக்குக் காணும்,” என்று சொல்லிவிட்டு அவர் ரோட்டுக்கு ஏறினார்.