சூடு ஆறாமல் குளித்த ஜீப்

இந்த ஊரில் மீன்பிடிக்கப் போய் வருகிறவர்கள், படகை வீடுவரை இழுத்து வந்து நிறுத்திய பிறகும் ஜீப்பின் எஞ்சினை உடனே அணைப்பதில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அதை ஓடவிட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில், மறந்துபோனாராக்கும் என்று வேலியருகே போய், "எஞ்சின் ஓடுது" என்றேன். நான் புகழ்வதாக நினைத்து, "ஆமாம், அருமையாக ஓடுகிறது" என்று மகிழ்ந்தார். டீசல் வீணாகிறதே என்று எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

எங்கள் சொந்த ஊரான சாம்பல்தீவில் என் தம்பியும் ஒரு டீசல் ஜீப்பை வைத்துத்தான் பிழைக்கிறான். நாளுக்கு ஒன்பது, பத்துப் படகுகளைக் கடலிலிருந்து மணலுக்கு இழுத்துக் கொடுப்பான். போன வாரம் போனில் கொதித்தான்.

"அண்ணை, மூண்டாந்தரமும் மெனிபோல்ட் வளைஞ்சிட்டுது. நவாஸ் நானா பழசைத்தான் பூட்டுறார். கரை முழுக்கச் சொல்லிப்போட்டன்."

மெனிபோல்ட் என்பது எஞ்சினின் கொதிக்கும் புகையை வாங்கி வெளியே விடும் வார்ப்பிரும்புக் குழாய். வளைந்தால் இடுக்கால் புகை சீறும், இழுவை குறையும். கிண்ணியாவில் பட்டறை வைத்திருக்கும், அண்ணன் முறையில் நானா என்று நாங்கள் அழைக்கும் நவாஸ், துறைமுகத்தில் என்னோடு பதினொரு வருடம் வேலை செய்தவர். அவரிடம் வரும் வண்டிகளில் பாதி எங்கள் கரையுடையவை. தம்பியின் கதை பரவினால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான்.

அன்றே தம்பியை மறுபடி போனில் எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். எட்டுப் போல்ட்டையும் ஒரே அளவில் இறுக்கினாரா?

"நான் பக்கத்தில நிண்டனான். ஒழுங்காத்தான் இறுக்கினவர்."

ரேடியேட்டரில் குறை இல்லையாம். கடைசிப் படகு ஏறியதும் என்ன செய்வாய் என்றேன்.

"என்ன கேள்வி அண்ணை? பொனட்டைத் திறந்து உடன ரெண்டு வாளி கிணத்துத் தண்ணி. இல்லாட்டி உப்பு இரும்பைத் திண்டிடும்."

அதுதான் விஷயம். பாரம் இழுத்துக் கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால், பட்ட இடம் முந்திச் சுருங்கும். படாத இடம் அப்படியே நிற்கும். பிறகு எப்படி நேராக இருக்கும்? இங்குள்ளவர்களுக்கும் உப்புப் பயம் உண்டு. ஆனால் முதலில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஆறவிடுகிறார்கள், பிறகு கழுவுகிறார்கள். நாங்களோ வலை, சைக்கிள், கால் என்று எல்லாவற்றையும் கரையேறிய கையோடு நல்ல தண்ணீரில் கழுவிப் பழகியவர்கள். தம்பியைக் குறைசொல்லாமல் அதை மட்டும் அவனுக்கு விளக்கினேன்.

மறுநாள் அவன் கிண்ணியாவுக்குப் போனான். நவாஸ் ஏசவில்லையாம். "புதுமாப்பிள்ளைக்கும் இத்தனை முழுக்கு இல்ல தம்பி, கொஞ்சம் வேர்வை ஆறட்டுமே" என்று சிரித்தாராம். பிறகு, "கரையில சொன்னதைக் கரையிலயே மாத்திச் சொல்லுங்க. அது போதும்" என்றாராம்.

நேற்று தம்பி கரையில் நின்றே எனக்கு அழைத்தான். படகுக்காரர்களிடம் அவன் உரக்கச் சொன்னது எனக்கும் கேட்டது. "நானாவில ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை."

"அப்ப பழசு பூட்டேல்லையோ?" என்று யாரோ சீண்டினார்கள்.

"பழசு என்ரை புத்திதான்!"

சிரிப்பு எழுந்து அடங்கியது. போனில் அலையும் கேட்டது. போனை வைத்த பிறகும் அது நிற்கவில்லை. இந்த வீட்டுக்கும் கடல் இரண்டு தெரு தள்ளித்தான். கேட்பது எந்தக் கரை என்று பிரித்தறிய எனக்குச் சற்று நேரம் ஏலாமல் இருந்தது.