குண்டன் குளத்தில் விழுந்தபோது

அன்று ராத்திரி, தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் இருந்தவர்கள்: பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கொழுந்தெடுக்கும் பெண்கள் பதினெட்டுப் பேர், ஆண்கள் பதினொரு பேர், பயாஸ்கோப்காரர், தப்புடன் நான். என் மனைவி இல்லை. அவள் செத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

பசறைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தப்பு அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிப்பேன், சாவுக்கும் அடிப்பேன். அவள் சாவுக்கு மட்டும், தாலி கட்டினவன் தப்பைத் தொடக்கூடாது என்றார்கள். சத்தமில்லாமலே கொண்டுபோனோம்.

பயாஸ்கோப்காரர் தனி ஆள். கையால் சுற்றும் ஒரு பெட்டி, இரண்டு படச்சுருள், ஒரு வண்டி. படம் பேசாது; சத்தத்துக்கு நான். கூலி ஒரு ரூபாய். நன்றாக அடித்தால் ஹல்துமுல்லைக்கும் அதற்கு அப்பாலும் கூட்டிப்போவதாகச் சொன்னார். நாங்கள் குடியிருந்த அந்த ஒற்றை அறைக் காம்பராவில் இன்னொரு மழைக்காலம் தனியாகப் படுக்க எனக்குத் தெம்பில்லை. காலையிலேயே மூட்டை கட்டிவிட்டேன்.

பதுளையில் கூடாரம் போட்டிருந்த பெரிய கம்பெனியின் படத்தை ஒருமுறை பார்த்திருந்தேன். சாவோ கல்யாணமோ, ஆர்மோனியமும் டோலக்கும் ஒரு நிமிஷம் ஓயவில்லை. இவர் வேறு மாதிரி.

"மொதப் படத்துல புருஷன் செத்துக் கெடப்பான். பொஞ்சாதி பக்கத்துல உக்காந்திருப்பா. அப்ப கையை எடுத்துரு. சத்தமே இருக்கக் கூடாது."

"சனம் காசு குடுத்திருக்குங்க ஐயா. சத்தமில்லாட்டி ஏசுவாங்களே?"

"ஏசட்டும். அவ தனியா கெடக்கான்னு அப்பதான் தெரியும்."

மழை வருமோ, தப்பின் தோல் இளகுமோ என்று பகல் முழுக்கப் பயந்தேன். பயப்பட வேண்டியதை மறந்துவிட்டேன். சாவு வீட்டில் தப்பு ஓய்ந்தால், பெண்கள் ஒப்பாரி எடுப்பார்கள்.

திரையில் செத்த புருஷன் பக்கத்தில் அந்த வெள்ளைக்காரி உட்கார்ந்தாள். கையை எடுத்தேன். பெட்டி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் ஒருத்தி குரல் எடுத்தாள். அவ்வளவுதான், பதினெட்டுப் பேரும் வட்டமாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். திரையை ஒருத்தியும் பார்க்கவில்லை. அவரவர் சாவுக்கு அவரவர் அழுதார்கள். அடுத்த காம்பராக்காரி என் மனைவிக்கு அழுதாள்.

"கொட்டு மொழக்கமில்லாம கொண்டுபோனோமே தங்கச்சி..."

படம் மாறியது. குண்டன் ஒருவன் குளத்தில் விழுந்தான்.

"வேகமா அடி! சிரிப்புப் படம்!" என்று பயாஸ்கோப்காரர் கத்தினார்.

கை வேகமாகப் போகவில்லை. சாவு அடிதான் வந்தது. பிழை என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. நாலு மாதமாக அவளுக்கு வைத்திருந்த அடி அது.

"ஏன்டா, குளத்துல விழுந்ததுக்கா சாவு மேளம்?" என்றார் பெரிய கங்காணி. "அவன்தான் எந்திரிச்சுட்டானே!"

ஆண்கள் சிரித்தார்கள். பயாஸ்கோப்காரர் பெட்டியை நிறுத்தினார். திரையைச் சுருட்டி வண்டியில் போட்டார்.

விடியுமுன் மூட்டையோடு ரோட்டுக்குப் போனேன். வண்டி போய்விட்டிருந்தது. திரும்பி வந்து பெரட்டுக்கு அடித்தேன்.

பேசின கூலி ஒரு ரூபாய். இன்னும் வரவேண்டியிருக்கிறது.